டாக்டர் படிப்பு: முடிவு செய்யுமுன் பார்க்க வேண்டிய கணக்கு



எஸ்.பி.எம். பரீட்சை முடிவுகள் வெளிவரும் நாட்களில் நம் கடைக்கு வருகிறவர்கள் அரிசி பருப்பு கேட்பதற்கு முன்னே வேறொன்றைக் கேட்பார்கள். "முதலாளி, பிள்ளைக்கு எத்தனை ஏ? அடுத்தது என்ன, டாக்டர்தானே?" என்பார்கள். ஜாசினிலும், மெர்லிமாவிலும், அலோர் காஜாவிலும், மஸ்ஜிட் தானாவிலும், மலாக்கா பட்டணத்திலும் கடை வைத்திருக்கும் நம்மவர்களுக்கு இந்தக் கேள்வி புதியதல்ல. பிள்ளை நன்றாகப் படித்தால் டாக்டர், படிக்காவிட்டால் கடை. இவ்விரண்டுக்கும் நடுவே வேறு தொழிலே உலகில் இல்லை என்பது போலப் பேசிப் பழகிவிட்டோம்.

நாம் பெரிய படிப்பாளி அல்ல. தோட்டத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு. பிறகு மதரஸாவில் சில ஆண்டுகள் ஓதல். அதன்பின் இருபத்தைந்து ஆண்டுகளாகக் கல்லாப் பெட்டிக்குப் பின்னால் வாசம். ஆயினும் சென்ற இரண்டு ஆண்டுகளில் நம் வீட்டில் இவ்விஷயமாக நேர்ந்த குழப்பத்தால், விவரம் அறிந்த பலரிடம் கேட்டும், படித்தும், கணக்குப் போட்டும் சில உண்மைகளைத் தெரிந்துகொண்டோம். அவற்றை நம் சகோதரர்கள் முன் ஒரு பாடமாக வைக்கிறோம். நாம் செய்த தவறை இன்னொருவர் செய்யாதிருந்தால் அதுவே நமக்குப் போதும்.

நம் மூத்த மகன் எஸ்.பி.எம். பரீட்சையில் விஞ்ஞானப் பாடங்களில் நல்ல புள்ளிகள் எடுத்தான். முடிவு வந்த அன்றே, அவனை ஒரு வார்த்தை கேளாமல், கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் "பையன் டாக்டருக்குப் போகிறான்" என்று நாம் சொல்லிவிட்டோம். வெளிநாட்டுக் கல்லூரி ஒன்றுக்கு ஆள் சேர்க்கும் தரகர் ஒருவரும் கடைக்கு வந்தார். பளபளவென்று அச்சடித்த புத்தகத்தைக் காட்டி, அந்த வாரத்துக்குள் முன்பணம் கட்டினால் இடம் நிச்சயம் என்றார். ஊரில் இருக்கும் நிலத்தை விற்பது, கடைக் கட்டிடத்தை அடமானம் வைப்பது என்று நாமும் மனத்துக்குள் தீர்மானித்துவிட்டோம். மறுநாள் இரவு, கடை சாத்திய பிறகு, மகன் பலகைக்கு அருகில் வந்து நின்றான்.

"வாப்பா, ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்காதீங்க. எனக்கு டாக்டர் படிப்பு வேணாம்."

பயமா என்று கேட்டோம். "பயமில்ல வாப்பா. ஆசையில்ல" என்றான்.

மூன்று வாரங்கள் நாம் அவனுடன் சரியாகப் பேசவில்லை. நான்காவது வாரத்தில் அவனுக்கு இரண்டு வயது இளையவளான நம் மகள் சோறு வைத்துக்கொண்டே கேட்டாள்: "வாப்பா, காக்காவுக்குப் போட்ட கணக்க எனக்குப் போட்டுப் பாத்தீங்களா?"

அப்போதுதான் நமக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. நம் தாயாருக்குச் சர்க்கரை வியாதியால் காலில் புண் வந்து ஏழு மாதம் ஆறாமல் இருந்தது. ஒன்று விட்டு ஒரு நாள் கிளினிக்குக்கு அழைத்துப் போய் வந்தவள் அந்த மகள்தான். மிஸ்ஸி புண்ணைக் கழுவிக் கட்டுவதைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டு, விடுமுறை நாட்களில் வீட்டிலேயே தானே கட்டினாள். புண்ணின் நாற்றத்தால் நாமே வாசலில் போய் நின்ற நாட்கள் உண்டு. அவள் முகம் சுளித்து நாம் பார்த்ததில்லை. நம் வீட்டில் இந்தத் தொழிலுக்கு உரிய குணம் யாருக்கு இருக்கிறதென்று பாராமல், யாருக்குக் கொடுத்தால் நமக்குப் பெயர் வரும் என்று பார்த்தோம். தவறு அங்கேதான் தொடங்கியது.

ஆகவே, சகோதரர்களே, பிள்ளையை இப்படிப்பில் சேர்க்குமுன் ஐந்து கேள்விகளுக்கு விடை காண வேண்டும் என்பது நம் அபிப்பிராயம்.

முதற்கேள்வி: எதற்காக?

நம் வணக்கங்களுக்கு நிய்யத் எப்படியோ அப்படியே இத்தொழிலுக்கும் நிய்யத் வேண்டும். இதற்கு நம் தமிழ்நாட்டிலேயே ஓர் உண்மைச் சம்பவம் இருக்கிறது.

1870-ஆம் ஆண்டு பிறந்த ஐடா ஸ்கடர் என்னும் அமெரிக்கப் பெண்மணியின் தகப்பனார் தென்னிந்தியாவில் பாதிரியாராகவும் டாக்டராகவும் இருந்தார். தகப்பனார் பட்ட கஷ்டங்களைக் கண்டிருந்த அப்பெண், இத்தொழில் தமக்கு வேண்டவே வேண்டாம் என்றிருந்தார். 1890-ஐ அடுத்த ஆண்டுகளில், திண்டிவனத்தில் அவர் தம் பெற்றோருடன் இருந்தபோது, ஒரே இரவில் மூன்று ஆண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து கதவைத் தட்டினார்கள். மூவருடைய மனைவியரும் பிரசவ வேதனையில் இருந்தார்கள். தகப்பனார் டாக்டர், அவரை அழைத்துப் போங்கள் என்று ஐடா கூற, ஆண் டாக்டர் எங்கள் வீட்டுப் பெண்களைப் பார்க்கக் கூடாது என்று மூவரும் மறுத்துத் திரும்பிவிட்டார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் மௌத்தாகிவிட்டனர். அந்த மூவரில் ஒருவர் முஸ்லிம் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

அந்த இரவே அப்பெண்ணின் தீர்மானத்தை மாற்றியது. அமெரிக்காவுக்குச் சென்று படித்து, 1899-இல் பட்டம் பெற்று, 1900-இல் வேலூருக்கு வந்து ஒரே ஒரு கட்டிலுடன் வைத்தியம் தொடங்கினார். 1918-இல் பெண்களுக்கென அங்கே மருத்துவப் பள்ளி ஏற்பட்டது. இன்று வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி என்றால் நம்மில் அறியாதவர் இல்லை. நம் உறவினர் பலர் அங்கே வைத்தியம் பார்த்துத் திரும்பியவர்களே.

இதிலிருந்து நாம் கற்க வேண்டியது, எல்லாருக்கும் இப்படி ஓர் இரவு வாய்க்க வேண்டும் என்பதல்ல. "நான் ஏன் டாக்டராக வேண்டும்?" என்று கேட்டால், பிள்ளையின் வாயிலிருந்து அதன் சொந்த விடை வர வேண்டும். "வாப்பா சொன்னார்கள்", "புள்ளி வந்துவிட்டது", "கல்யாணச் சந்தையில் மதிப்பு" என்ற விடைகள் மட்டும் வந்தால், அந்த மூலதனத்தை வைத்து இந்த வியாபாரத்தைத் தொடங்காதிருப்பதே நலம்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது இஹ்யா உலூமித்தீன் என்னும் நூலில் வைத்தியத்தை ஃபர்ளு கிஃபாயாவில் சேர்த்துள்ளார்கள். அதாவது, ஓர் ஊரில் சிலராவது அதைக் கற்றிருக்க வேண்டும். ஒருவரும் கற்காவிட்டால் ஊரார் அனைவர் மீதும் குற்றம். அவர்கள் காலத்தில் பல ஊர்களில் முஸ்லிம் வைத்தியரே இல்லாதிருக்க, மாணவர்களோ சட்டக் கல்வியை நோக்கியே முண்டியடித்தனர். பதவியும் பொருளும் அதில் கிடைத்ததே காரணம் என்று இமாம் அவர்கள் வருந்தியுள்ளார்கள். இதை மதரஸாவில் கேட்டபோது நமக்கு இதன் பொருள் முழுதும் விளங்கவில்லை. இப்போது விளங்குகிறது. அன்று பதவிக்காக நாடப்பட்டது சட்டம்; இன்று கௌரவத்துக்காக நாடப்படுவது வைத்தியம். படிப்பின் பெயர் மாறினாலும் நாட்டம் மாறவில்லை. ஆகவே ஃபர்ளு கிஃபாயா என்று சொல்லிப் பிள்ளையைத் தள்ளுகிற நாம், நம் நிய்யத்தை முதலில் சோதித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் கேள்வி: எத்தனை ஆண்டு?

பதினேழு வயதில் எஸ்.பி.எம்.; அதன்பின் எஸ்.டி.பி.எம். அல்லது அதற்கு ஈடான முன்படிப்பு ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு. மருத்துவப் பட்டப் படிப்பு பெரும்பாலும் ஐந்து ஆண்டு. பட்டம் வாங்கியதும் தனியாகப் பலகை மாட்டிவிட முடியாது. ஆஸ்பத்திரியில் பயிற்சி டாக்டராக, அதாவது ஹவுஸ்மேன் என்ற பெயரில், இரண்டு ஆண்டு வேலை செய்ய வேண்டும். பொது வைத்தியம், குழந்தை வைத்தியம், ரண சிகிச்சை, எலும்பு, பிரசவம், அவசரப் பிரிவு என்பன போன்ற ஆறு பிரிவுகளில் நான்கு நான்கு மாதமாகப் பயிற்சி நடக்கும். ஒரு பிரிவில் தேறாவிட்டால் அங்கேயே காலம் நீட்டிக்கப்படும். அதன்பின் கட்டாயப் பொதுச் சேவை. இவ்வளவும் முடிய இருபத்தெட்டு, இருபத்தொன்பது வயதாகும். இதய வைத்தியர், கண் வைத்தியர் என்று நிபுணராக வேண்டுமானால் இன்னும் நான்கு ஆண்டுக்குக் குறையாது; சில துறைகளுக்கு அதற்கு மேலும் ஆகும்.

இடையில் காத்திருப்பும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் பட்டதாரிகள் மிகுந்து, பயிற்சி இடத்துக்காக மாதக் கணக்கில் பலர் காத்திருந்தார்கள். 2016 டிசம்பர் முதல் புதிய டாக்டர்கள் நிரந்தர உத்தியோகத்தில் அல்லாமல் ஒப்பந்த முறையில் அமர்த்தப்பட்டனர். அதில் மனக்குறை வளர்ந்து, 2021 ஜூலை 26-ஆம் நாள் நாடெங்கும் ஒப்பந்த டாக்டர்கள் வேலையை விட்டு வெளியே வந்து நின்றதைப் பத்திரிகைகளில் கண்டோம். கோவிட் நோய் கடுமையாக இருந்த காலம் அது. பின்னர் நிலைமை தலைகீழாகி, பயிற்சிக்கு வருவோர் தொகை வெகுவாகக் குறைந்தது. சிலர் சிங்கப்பூர் முதலிய இடங்களுக்குப் போகின்றனர்.

மிளகு விலையைப் போல இதிலும் ஏற்றமும் இறக்கமும் உண்டு. இன்றைய விலையைப் பார்த்து மிளகுக்கொடி நட்டால், அது காய்க்கும் நாளில் விலை வேறாக இருக்கும். பத்தாண்டு கழித்துப் பயன் தரும் படிப்பை இன்றைய சம்பளத்தையோ இன்றைய தட்டுப்பாட்டையோ கொண்டு தீர்மானிக்கலாகாது.

மூன்றாம் கேள்வி: எந்தக் கல்லூரி?

நம் நாட்டில் சர்க்கார் கல்லூரியும் தனியார் கல்லூரியும் சேர்ந்து முப்பதுக்கு மேல் மருத்துவக் கல்வி நிலையங்கள் உள்ளன. கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பிரிவு 1964-இல் முதல் மாணவர்களைச் சேர்த்தது. அதைத் தொடங்கி நடத்திய முதல் தலைவர் டாக்டர் தனராஜ் என்னும் தமிழர். நம் மலாக்காவிலேயே புக்கிட் பாருவில் 1997-இல் மலாக்கா மணிப்பால் மருத்துவக் கல்லூரி ஏற்பட்டது. தொடக்கத்தில் மாணவர்கள் முதல் இரண்டரை ஆண்டு இந்தியாவில் மணிப்பாலிலும், பின் இரண்டரை ஆண்டு மலாக்காவிலும் படித்தார்கள். மலாக்கா ஆஸ்பத்திரியிலும் மூவார் ஆஸ்பத்திரியிலும் நோயாளிகளைப் பார்த்துப் பழகினார்கள். இன்று அது பல்கலைக்கழகக் கல்லூரியாக உயர்ந்துள்ளது. ஒரு காலத்தில் சிங்கப்பூருக்கோ சென்னைக்கோ கப்பலேறிப் படிக்க வேண்டியிருந்த படிப்பு, இன்று நம் பஸ் போகும் பாதையிலேயே இருக்கிறது.

வெளிநாட்டுக் கல்லூரியானால், முன்பணம் கட்டுமுன் ஒரே ஒரு விசாரணை அவசியம். அந்தப் பட்டத்தை மலேசிய மருத்துவ மன்றம் ஒப்புக்கொள்கிறதா? 1971-ஆம் ஆண்டு மருத்துவச் சட்டத்தின் கீழ் டாக்டர்களைப் பதிவு செய்வது அம்மன்றம். அதன் பட்டியலில் இல்லாத கல்லூரியில் படித்துத் திரும்பினால் தனியே தகுதிப் பரீட்சை எழுதித் தேற வேண்டும். பட்டியலும் நிரந்தரமல்ல. 2005-இல் கிரிமியாவிலுள்ள ஒரு மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பட்டத்துக்கு அளித்திருந்த அங்கீகாரத்தை நம் அரசாங்கம் விலக்கியபோது, அங்கே நம் இந்திய மாணவர்கள் பலர் படித்துக்கொண்டிருந்தனர். அவர்களுடைய பெற்றோர் பட்ட கவலையை அக்காலப் பத்திரிகைகள் எழுதின.

சரக்கு வாங்கப் போனால் மூட்டையைக் கிழித்துக் கையில் எடுத்துப் பார்க்காமல் நாம் பணம் கொடுப்பதில்லை. பிள்ளையின் படிப்பு விஷயத்தில் மட்டும் தரகர் காட்டிய படத்தை நம்பிப் பணத்தை எண்ணி வைக்கிறோம். நம்மிடம் வந்த தரகரிடம் நம் மகள் பிறகொரு நாள் போன் செய்து மன்றத்தின் பட்டியலைப் பற்றிக் கேட்டாள். "அதெல்லாம் பின்னால் வந்துவிடும்" என்றார். அதன்பின் அவருடைய புத்தகம் நம் கடையில் ஊறுகாய் ஜாடிக்கு அடியில் விரிப்பாகிவிட்டது.

நான்காம் கேள்வி: எவ்வளவு பணம்? எங்கிருந்து?

சர்க்கார் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தால் மாணவர் கட்டுவது செலவில் ஒரு சிறு பங்கே. ஆனால் இடம் குறைவு, போட்டி கடுமை. தனியார் கல்லூரியிலோ முழுப் படிப்புக்கு இரண்டு மூன்று லட்சம் ரிங்கிட்டுக்குக் குறையாது. பல இடங்களில் அதற்கு மேலும் போகும். விடுதி, சாப்பாடு, புத்தகம், போக்குவரத்து வேறு.

சிறு கடை நடத்தும் ஒருவருக்கு இது என்ன தொகை என்பதை நாம் சொல்லத் தேவையில்லை. ஒரே பிள்ளைக்காகக் கடையின் முதலையே எடுத்துக் கொடுத்து, மற்றப் பிள்ளைகளின் பங்கையும் அதில் போட்டுவிட்டால், அந்தப் பிள்ளையின் தலையில் படிப்பைக் காட்டிலும் பெரிய சுமை ஏறுகிறது. இடையில் தனக்கு ஒத்துவரவில்லை என்று தெரிந்தாலும் அது வாய் திறக்காது. "நிலத்தை விற்று அனுப்பினார்களே" என்ற ஒன்றே அதன் வாயை அடைத்துவிடும்.

கடன் வாங்குவதானாலும் எழுத்தைப் படித்து வாங்க வேண்டும். 1997-இல் ஏற்பட்ட பி.டி.பி.டி.என். நிதியின் கல்விக் கடன் இப்போது உஜ்ரா முறையில், ஆண்டுக்கு 1 விழுக்காடு சேவைக் கட்டணம் என்ற அமைப்பில் கொடுக்கப்படுகிறது. வட்டிக்கு அஞ்சும் நம்மவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. ஆயினும் தனியார் மருத்துவக் கல்லூரியின் முழுச் செலவுக்கும் அது போதாது. மீதி எங்கிருந்து வரும் என்பதை, முதல் ஆண்டுக்கு மட்டுமல்ல, ஐந்து ஆண்டுக்கும் எழுதி வைத்துப் பார்க்க வேண்டும். மூன்றாம் ஆண்டில் பணம் நின்றால், அதுவரை கட்டியதும் வீணாகிவிடும்.

ஐந்தாம் கேள்வி: யாருக்கு?

புள்ளி வேண்டும் என்பது உண்மையே. பௌதிகம், ரசாயனம், உயிரியல், கணிதம் ஆகியவற்றில் மன்றம் வகுத்த தகுதிக்குக் குறைந்தால் கதவு திறக்காது. ஆனால் புள்ளி கதவைத் திறக்குமே தவிர, உள்ளே நடத்திச் செல்லாது. அதற்குக் குணம் வேண்டும். இரவெல்லாம் விழித்திருக்க முடியுமா? நாற்றத்தையும் இரத்தத்தையும் பொறுக்க முடியுமா? நோயாளி கோபித்தால் பதில் கோபம் கொள்ளாமல் இருக்க முடியுமா? தோட்டத்துக் கிழவியிடம் தமிழிலும், மலாய்க்காரப் பெரியவரிடம் மலாயிலும், பெரிய டாக்டரிடம் ஆங்கிலத்திலும் பணிவாகப் பேச வருமா? ஒரு மரணச் செய்தியைக் குடும்பத்தாரிடம் சொல்லிவிட்டு அடுத்த நோயாளியிடம் போய் நிற்க முடியுமா?

இவற்றுக்கு வீட்டில் உட்கார்ந்து விடை காண முடியாது. ஆகவே, தீர்மானிக்குமுன் பிள்ளை ஆஸ்பத்திரியைப் பார்க்க வேண்டும். தெரிந்த டாக்டரின் கிளினிக்கில் அனுமதி பெற்றுச் சில நாட்கள் உட்காரலாம். முதியோர் இல்லத்தில் விடுமுறையில் தொண்டு செய்யலாம். பயிற்சியில் இருக்கும் இளம் டாக்டர் இருவர் மூவரிடம் மனம் விட்டுப் பேசலாம். பெரிய டாக்டரிடம் கேட்பதைவிட இவர்களிடம் கேட்பது மேல். பட்ட காயம் இவர்களுக்கு இன்னும் ஆறவில்லை.

நம் கடைக்கு வரும் ஓர் இளம் டாக்டரிடம் நம் மகள் கேட்டாள். தாம் பயிற்சியில் இருந்த முதல் மாதத்தில் கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து அழுததையும், பின்னர் ஒரு கிழவர் நலமாகி நடந்து போகும்போது தம்மைத் தேடி வந்து கைகொடுத்ததையும் அவர் சொன்னார். இரண்டையும் கேட்டுவிட்டு வந்தவள், "ரெண்டும் நெசம்தான் வாப்பா" என்றாள். அதற்கு மேல் நாம் ஒன்றும் கேட்கவில்லை.

பெண் பிள்ளைகளைப் பற்றி ஒரு சொல். நம் வீட்டுப் பெண்களுக்குப் பிரசவம் என்றால் லேடி டாக்டர் இருக்கிறாரா என்று முதலில் விசாரிக்கிறவர்கள் நாம். நம் மகள் அந்த லேடி டாக்டர் ஆகலாமா என்று கேட்டால் மட்டும் தயங்குகிறோம். புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் சென்னை மருத்துவக் கல்லூரியில் 1912-இல் பட்டம் பெற்றார். மலாய்ச் சமூகத்தில் டாக்டர் சித்தி ஹஸ்மா 1955-இல் பட்டம் பெற்றுத் தாய் சேய் நலத்துக்கு உழைத்தார். அவர்களைப் படிக்க அனுப்பிய பெற்றோர்களும் ஊராரின் வாய்க்கு அஞ்சியிருந்தால் அனுப்பியிருக்க மாட்டார்கள்.

வேண்டாம் என்றால் வீழ்ச்சியா?

இல்லவே இல்லை. பழைய தோட்டத்து ஆட்களைக் கேட்டால், இரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் லயத்திலிருந்து ஓடியது டிரெஸ்ஸர் வீட்டுக்கே என்பார்கள். பட்டணத்து டாக்டரின் முகத்தைக் காணாமலே ஒரு தலைமுறை அவர் கையால் பிழைத்தது. இன்று செம்பனை நிற்கும் பல இடங்களில் லயமும் இல்லை, டிரெஸ்ஸரும் இல்லை; ஆனால் அந்த வேலையின் மதிப்பு குறையவில்லை. மருந்தாளர், தாதி, மருத்துவ உதவியாளர், இரத்தம் சோதிப்பவர், எக்ஸ்ரே எடுப்பவர், உடற்பயிற்சி வைத்தியர் என்று எத்தனையோ வாசல்கள் உள்ளன. காலமும் பணமும் குறைவு. நோயாளிக்குச் செய்யும் உபகாரம் குறைவல்ல. வைத்தியமே வேண்டாம் என்ற பிள்ளைக்கு வேறு தொழில்கள் இருக்கின்றன. நம் மகன் இப்போது பாலிடெக்னிக்கில் மின்சாரத் தொழில் படிக்கிறான். கடையில் பழுதாகிக் கிடந்த ஐஸ்பெட்டியை அவன் பழுதுபார்த்த அன்று, மூன்று வாரம் அவனுடன் பேசாமல் இருந்ததற்காக நாம் வெட்கப்பட்டோம்.

வியாபாரிகளாகிய நம் பங்கு

நம் நாட்டில் வைத்தியக் கல்வி எப்படித் தொடங்கியது என்பதை வியாபாரிகள் தெரிந்துகொள்ள வேண்டும். 1904-இல் தான் ஜியாக் கிம் என்னும் சீன வியாபாரியும் மற்றவர்களும் சிங்கப்பூரில் மருத்துவப் பள்ளி வேண்டுமென்று ஆளுநருக்கு விண்ணப்பம் செய்தார்கள். பொதுமக்களிடம் 87,077 வெள்ளி திரட்டினார்கள்; அதில் 12,000 வெள்ளி அவர் ஒருவர் கொடுத்தது. 1905 ஜூலையில் 23 மாணவர்களுடன் பள்ளி தொடங்கியது. 1910-இல் முதன்முதலாக எழுவர் தேறினர். பிற்காலத்தில் ஏழாம் எட்வர்டு மருத்துவக் கல்லூரி என்று பெயர் பெற்றது அதுவே.

அப்பள்ளிக்கு 1911-இல் ஒரு கட்டிடம் எழுந்தது. தம் தகப்பனார் தான் டெக் குவான் நினைவாக அதைக் கொடுத்தவர் நம் மலாக்காக்காரரான தான் சாய் யான். 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டு, பின்னர் புக்கிட் அசகானில் பெருந்தோட்டம் போட்டு, இந்நாட்டில் ரப்பர்ப் பயிரைத் தொடங்கி வைத்தவர் அவர். அவருடைய பாட்டனார் தான் டோக் செங், 1798-இல் மலாக்காவில் பிறந்தவர். சிங்கப்பூருக்குப் போய்க் காய்கறியும் பழமும் கோழியும் விற்றுப் பொருள் சேர்த்து, 1844-இல் ஏழைகளுக்கென ஆஸ்பத்திரிக்கு அடிக்கல் நாட்டப் பணம் கொடுத்தவர். காய்கறி விற்ற கையால் ஆஸ்பத்திரி. ரப்பர் விற்ற கையால் மருத்துவப் பள்ளிக் கட்டிடம். தம் பிள்ளையை மட்டும் டாக்டராக்க எண்ணாமல், ஊர்ப் பிள்ளைகள் டாக்டராக வழி செய்தார்கள்.

நாமும் கூடி யோசிக்கலாம். நம்மில் யார் வீட்டிலோ, அல்லது நம் கடையில் பற்று வைத்துச் சாமான் வாங்கும் தோட்டத்துக் குடும்பத்திலோ, உண்மையான ஆசையும் தகுதியும் உள்ள ஒரு பிள்ளை இருக்கலாம். பத்துப் பேர் தத்தம் பிள்ளைகளைத் தனித்தனியே வற்புறுத்திச் செலவழிக்கும் பணத்தில் ஒரு பங்கைச் சேர்த்தால், அப்படிப்பட்ட ஒருவரைப் படிக்க வைத்துவிடலாம். ஃபர்ளு கிஃபாயாவின் பொருளும் அதுதானே?

முடிவு செய்யும் விதம்

ஒரு நோட்டை எடுத்து இரண்டு பத்திகளாகக் கோடு போடுங்கள். ஒரு பக்கம் பிள்ளை எழுதட்டும்: ஏன் வேண்டும், எதற்கு அஞ்சுகிறேன், இல்லையென்றால் வேறு என்ன. மறுபக்கம் தகப்பன் எழுதட்டும்: இவ்வளவு முடியும், இவ்வளவுக்கு மேல் முடியாது, இந்த ஆண்டில் இவ்வளவு. தாயாரும் பக்கத்தில் இருக்கட்டும். பிள்ளையின் குணத்தை நம்மைவிட அவர்களே அறிவார்கள். விவரம் தெரிந்தவர்களிடம் மஷூரா செய்யுங்கள். இஸ்திகாரா தொழுங்கள், தகப்பன் மட்டுமல்ல, பிள்ளையும் தொழட்டும். பிறகு தீர்மானத்தைப் பிள்ளையே சொல்லட்டும். இருபத்தைந்து வயதில் நள்ளிரவு இரண்டு மணிக்கு வார்டில் நிற்கப் போவது பிள்ளைதான்; நாம் அப்போது போர்வைக்குள் இருப்போம்.

நம் மகள் இப்போது எஸ்.டி.பி.எம். படிக்கிறாள். சர்க்கார் கல்லூரியில் இடம் கிடைத்தால் மருத்துவம். கிடைக்காவிட்டால் கடையை அடமானம் வைக்காமல் தாதிப் படிப்போ மருந்தாளர் படிப்போ. இதுவே நாங்கள் மூவரும் உட்கார்ந்து எழுதிய ஏற்பாடு. "கடைய வச்சிப் படிச்சா எனக்குத் தூக்கம் வராது வாப்பா" என்று சொன்னவள் அவளே. இன்ஷா அல்லாஹ், எந்த வாசல் திறந்தாலும் நோயாளியின் பக்கத்தில் போய் நிற்பாள் என்று நம்புகிறோம். அந்த நோட்டு கல்லாப் பெட்டியில் பற்று வரவு ஏட்டுக்கு அடியில் இருக்கிறது. அடுத்த முறை யாராவது வந்து, "முதலாளி, பிள்ளை டாக்டர்தானே?" என்று கேட்டால், "அது பிள்ளையிடம் கேட்க வேண்டிய கேள்வி" என்று சொல்வதற்கு நாமும் ஒருவாறு பழகிக்கொண்டிருக்கிறோம்.